பனி தின்ற வெள்ளைச் சேலை

வெள்ளை நிறத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. சுவருக்கு அடித்தால் சரி, சோறாகத் தட்டில் விழுந்தால் மிகவும் சரி. மற்றபடி அதை நான் நம்புவதில்லை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே செடிகளைக் கவ்வாத்து வெட்டி, அங்கேயே கூத்தில் பெண் வேஷம் கட்டியவன் நான். எங்கள் மலைகளில் வெள்ளை என்றால் அது பனிக்குச் சொந்தம். விடியும்போது இறங்கி வந்து லயத்து வீடுகளையும் மரத்தையும் ஆளையும் சேர்த்து மூடிவிடும். அந்த வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தேயிலை விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வீடான எங்கள் லயத்திலேயே சில காம்பரா அறைகள் பூட்டிக் கிடந்தன. இருந்தவர்கள் கப்பலேறி இந்தியாவிலிருக்கும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அப்படிப்பட்ட காலத்திலும் மாசி பிறந்தால் காமன் கூத்தை விடமாட்டோம். தவத்திலிருந்த சிவன் மேல் காமன் மலரம்பு விட்டு, நெற்றிக் கண்ணில் எரிந்து சாம்பலாவான். அவன் பெண்டாட்டி ரதி மண்ணில் விழுந்து புரண்டு அழுவாள். மூன்றாம் நாள் அவளுக்காக அவன் உயிரோடு எழுந்து வருவான். கதை அவ்வளவுதான். எல்லோருக்கும் முடிவு தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் அழுவதற்கென்றே முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள் எங்கள் பெண்கள்.

நான் ரதி. மீசை முளைக்கச் சோம்பல் பட்ட முகம், கீச்சுக் குரல், இரண்டும் போதும் என்று கூத்து வாத்தியார் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார். கவ்வாத்து மலையில் கத்தியோடு நிற்கும்போது கூட, "ரதியம்மா, பாத்து வெட்டுங்க, கை வலிக்கப் போவுது" என்று கேலி செய்வார்கள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். ஆனால் வேஷம் கட்டிய பிறகு அதே ஆட்கள் என்னைக் கண்டு கைகூப்பி விலகி நிற்பதைப் பார்க்கையில் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். பொய் சொல்வானேன், அந்தக் குளிர்ச்சிக்காகவே வேஷம் கட்டினேன்.

என் முகத்தை எழுதியது என் அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவள், கொழுந்து எடுப்பவள், ஒரு சுவர் தள்ளிப் பக்கத்துக் காம்பராவில் மச்சானோடு குடியிருந்தாள். ஹட்டன் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடைகளில் மஞ்சள் அரிதாரமும் செந்தூரமும் கிடைக்கும். அவள் அவற்றைத் தேங்காயெண்ணெய் விட்டு மணிக்கணக்கில் அரைப்பாள். விளக்குக் கரியில் மை சேர்ப்பாள். தேங்காய்ச் சிரட்டைகளில் வரிசையாக வைத்துக்கொண்டு என் தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள். பூசுகிற நேரத்தைவிடப் பார்க்கிற நேரம்தான் அதிகம். காமன் கம்பம் நட்டிருக்கும் பொட்டலுக்கு மேலே ஒரு மண்மேடு உண்டு. பெண்கள் உட்காரும் இடம் அதுதான். அக்கா அந்த மேட்டின் கடைசிக்கு ஏறிப்போய் நின்று என்னைப் பார்ப்பாள், திரும்பி வருவாள், புருவத்தைத் தடிமனாக்குவாள், மறுபடி ஏறுவாள்.

"கிட்டத்துல பாத்தா பேய் மாரி இருக்கேன் அக்கா," என்பேன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு.

"கிட்டத்துல யாருடா ஒன்னயப் பாக்கப் போறா? கங்காணி நாற்காலி போட்டு ஒக்காருவாரு. அவரு அழப் போறாரா? மேட்டுல இருக்கவளுக்குத் தெரியணும்டா ஒன் கண்ணு."

சேலைக்கும் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு வருஷம் வாத்தியார் பச்சைச் சேலை ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்தார். அக்கா அதைத் தொடக் கூட இல்லை. "நாளு பூரா பச்சையத்தான் பாத்துட்டு வர்றாங்க. இங்கயும் பச்சையக் காட்டுனா ஒறங்கிருவாங்க வாத்தியாரய்யா" என்று சொல்லி, தன் கலியாணச் சிவப்பை எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள். பந்த வெளிச்சத்தில் அந்தச் சிவப்பும் என் முகத்து மஞ்சளும் சேர்ந்து எரிந்ததாகப் பெண்கள் ஒரு வாரம் பேசினார்கள். வாத்தியாரும் தான் தேர்ந்தெடுத்த சேலை போலவே அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்.

இந்த இடத்தில் ஹட்டனில் நான் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அக்கரையிலிருந்து ஒரு கம்பெனி வந்து, தகரக் கொட்டகை போட்டு, காஸ் விளக்கு ஏற்றி ஆடினார்கள். கடைக்கார முதலாளிமார் முன்னால் பெஞ்சுகளில், நாங்கள் பின்னால் தரையில். ராஜா வேஷக்காரர் முகத்துக்கு ரோஸ் பவுடர் போட்டிருந்தார். பெஞ்சுக்கு அவர் மாப்பிள்ளை போல இருந்திருப்பார். எங்களுக்கு அவர் கழுத்துக்கு மேல் ஏதோ ஒரு வெளுத்த உருண்டையாகத் தெரிந்தார். அவர் அழுகிறாரா தும்முகிறாரா என்று எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அக்கா ஏன் மேடேறி மேடேறி இறங்குகிறாள் என்பது எனக்கு முழுசாக விளங்கியது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் மச்சான் போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தார், நெஞ்சில் சளி கட்டி எழுந்திருக்கவே இல்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய சிவப்புச் சேலை பெட்டிக்கு உள்ளே போயிற்று, உடம்பில் வெள்ளை ஏறியது. வேலைக்குப் போனாள், வந்தாள், அடுப்பு மூட்டினாள். யாரோடும் அதிகம் பேசவில்லை. மாசி வரட்டும், சிரட்டையும் அரிதாரமும் கைக்கு வந்தால் கொஞ்சம் தெளிந்துவிடுவாள் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அவள் முகத்தில் பழைய சிடுசிடுப்பு திரும்பினால் போதும் என்று இருந்தது.

மாசி வந்தது. காமன் நட்டு, எனக்குக் காப்புக் கட்டினார்கள். அரிதாரத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் காம்பராவை நோக்கிப் போன என்னை வாத்தியார் வழியில் மறித்தார். வாத்தியார் கெட்டவர் இல்லை, கூத்தைச் சாமி காரியமாக நினைக்கிறவர். "அந்தப் புள்ள கை வேணாம்ப்பா. ரதி கலியாணப் பொண்ணு. அவ மொகத்துல மஞ்சளும் குங்குமமும் வெக்கிறது தாலியுள்ள பொம்பள கையா இருக்கணும். ஒனக்குத் தெரியாததா?" என்றார்.

நான் கத்தினேன். போன வருஷம் வரைக்கும் நல்ல கையாக இருந்தது இந்த வருஷம் எப்படிக் கெட்ட கையானது என்று கேட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "காப்புக் கட்டிட்டு எறங்குவியாடா? எறங்கு பாப்போம்" என்றார் அவர். காப்புக் கட்டியவன் இறங்க முடியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா வெளியே வரவில்லை. நான் உள்ளே போனபோது, அரைக்கத் தயாராகக் கழுவிக் கவிழ்த்திருந்த அம்மியை மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். "விடுடா. ஆரு பூசுனா என்ன, நல்லா ஆடு" என்றாள். அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும் தப்புக்காரரின் தம்பி எனக்கு முகம் எழுத முன்வந்தான். நல்ல மனசு, கை மட்டும் கொத்தனார் கை. சாந்து அப்புவது போல அப்பினான். ஒரு கண் பெரிதாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட மற்றக் கண்ணைப் பெரிதாக்கினான். பிறகு இரண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். என்னைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. பொட்டலில் தப்பு அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோன பிறகுதான் நான் வெளியே வந்தேன். எல்லாமே தள்ளிப்போயிற்று. வழக்கமாக இருட்டோடு இருட்டாகக் காமனை எரித்து, பந்தங்கள் கொழுந்துவிட்டு எரியும்போதே ரதி புலம்பி முடித்துவிடுவாள். அந்த வருஷம் காமன் எரியும்போதே கிழக்கு வெளுத்துவிட்டது.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். தாலி அறுத்த ரதி வெள்ளைச் சேலை கட்டித்தான் வர வேண்டும். இருட்டில் பந்தத்துக்கு முன்னால் அந்த வெள்ளை நெஞ்சில் அறையும். அப்படித்தான் எப்போதும் செய்து வந்தோம், அதனால் அன்றைக்கும் அப்படியே செய்தோம். முகத்து மஞ்சளைத் துடைத்துவிட்டு, வெள்ளையைச் சுற்றிக்கொண்டு, தலையை விரித்துப்போட்டுப் பொட்டலுக்குள் வந்தேன். பந்தங்கள் அணைந்து புகைந்துகொண்டிருந்தன. மலையிலிருந்து பனி இறங்கிப் பொட்டலை நிரப்பியிருந்தது. நான் அதற்குள் நடந்துபோய்க் காணாமல் போனேன்.

எனக்கு அது தெரியாது. நான் என் பாட்டுக்கு மண்ணில் விழுந்து, மார்பில் அடித்து, குரலெடுத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். மேட்டிலிருந்து முதலில் ஒரு குரல் கேட்டது: "ரதி எங்கடி?"

"பனி தின்னுருச்சு!"

சிரிப்பு கிளம்பியது. முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, கண் விழித்துக் களைத்தவர்கள், குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள். பெண்களில் பாதிப்பேர் பெரட்டுக்குப் புறப்பட்ட கோலத்தில், கம்பளியும் கூடையுமாக நின்றார்கள். காலை ஆள் கணக்குக்குப் பெயர் கொடுக்கப் போக வேண்டும், துரை லீவு தரவில்லை. ஒருவர் இருவராக நடக்கத் தொடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணாக மண்ணில் கிடக்கிறேன், ஊர் சிரித்துக்கொண்டு வேலைக்குப் போகிறது. எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அது ரதியின் அழுகை இல்லை. அவமானத்தில் வந்த என் சொந்த அழுகை.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. தலைக்கு மேல் கனமாக ஏதோ வந்து இறங்கியது. ஈரக் கம்பளி வாடை, தேயிலைச் சாறு வாடை, அடுப்புப் புகை வாடை. நிமிர்ந்து பார்த்தேன், அக்கா. பெரட்டுக்குப் போகிற வழியில் நின்றவள், எல்லோருக்கும் பின்னாலிருந்து இறங்கி வந்து, தான் போர்த்தியிருந்த கறுப்புக் கம்பளியைக் கழற்றி எனக்குத் தலையோடு போர்த்திக்கொண்டிருந்தாள். மலையில் மழைக்குப் போடுகிற மாதிரியே, நெற்றிக்கு மேல் மடித்து, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு.

"ஏ புள்ள! நீ தொடக் கூடாது!" வாத்தியார் ஓடி வந்தார்.

அக்கா கையை எடுக்கவில்லை. "ஏன் வாத்தியாரய்யா? ரதியும் இப்ப தாலி அறுத்தவதானே. கலியாணத்துக்குத்தான் என் கை ஆவாது. இதுக்குமா ஆவாது?"

வாத்தியார் ஓரடி பின்னால் போனார். அவருடைய முறைப்படியே பார்த்தாலும் அவள் சொன்னது சரி. அக்கா கூந்தலை ஒதுக்கி என் முகம் தெரியும்படி கம்பளியைச் சரிசெய்தாள். பெருவிரலால் என் கன்னத்தில் மிஞ்சியிருந்த மஞ்சளை அழுத்தித் துடைத்தாள். "இப்ப அழு" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினாள்.

பனிக்குள் கறுப்பு எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் கண்டார்கள். எங்கே விழுந்தாலும், எங்கே எழுந்தாலும் நான் இருந்த இடம் மேட்டின் கடைசி வரைக்கும் தெரிந்ததாம். ஆனால் தெரிந்தது மட்டும் காரணம் இல்லை. சேலை கட்டிய ரதி எங்கோ தேவலோகத்துப் பெண். கம்பளி போட்ட ரதி, மேட்டில் நின்ற ஒவ்வொருத்தியும்தான். கூடை மாட்டிக் கொழுந்து எடுக்கும் உடம்பு, அதே கம்பளியோடு பொட்டலில் விழுந்து புருஷனைக் கூப்பிடுகிறது. நடக்கத் தொடங்கியவர்கள் நின்றார்கள். முதல் விம்மல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. செத்தவர்களை நினைத்து அழுதவர்கள் உண்டு, கப்பலேறிப் போனவர்களை நினைத்து அழுதவர்களும் உண்டு. யார் யாருக்காக அழுதார்களோ, நான் வெறும் சாக்குத்தான் என்று எனக்குப் புரிந்தது. வேஷக்காரனுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் கிடையாது என்றும் புரிந்தது.

அக்காவும் அழுதாள். மச்சான் செத்த அன்றைக்குக் கூட அவள் சத்தம் போட்டு அழவில்லை. அன்று பொட்டலின் ஓரத்தில் வெறும் வெள்ளைச் சேலையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். இரண்டு பெண்கள் தங்கள் கம்பளிக்குள் அவளை இழுத்துக்கொண்டார்கள். பெரட்டுக்கு எல்லோரும் பிந்தித்தான் போனோம். கங்காணி கத்தினார், ஆனால் அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது.

மூன்றாம் நாள் காமன் எழ வேண்டும். வேலை விட்டு வந்த கையோடு கூத்து. நான் கம்பளியைக் கழற்றி மறுபடியும் கலியாணப் பெண்ணாக வேண்டும், மஞ்சள், சிவப்பு, மை எல்லாம் வேண்டும். அதாவது அக்காவின் கை மறுபடியும் ஆகாத கையாகிவிடும். தப்புக்காரரின் தம்பி சிரட்டையோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தான். நான் எழுந்து அக்காவின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். கத்தவில்லை, சண்டை போடவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

வாத்தியார் வந்தார். அவருக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் வந்தார்கள், கூடையைக் கூட இறக்காமல். யாரும் யாரையும் கூட்டிவரவில்லை. விஷயம் தெரிந்து அவரவராக வந்தார்கள். கங்காணியின் மனைவி, தோட்டத்தில் எல்லோரும் பயப்படுகிற மனுஷி, முன்னால் நின்றாள்.

"அன்னிக்கி அழ வெச்சவளே இன்னிக்கிப் பூசட்டும் வாத்தியாரே. இல்லாட்டி நாங்க மேட்டுல ஒக்கார மாட்டோம். நீங்களும் தப்புக்காரரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு ஆடுங்க."

வாத்தியார் காமன் நட்ட பொட்டல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். அவருக்குள் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. சாமிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். பிறகு தப்புக்காரரின் தம்பியின் கையிலிருந்து சிரட்டையை வாங்கி, உள்ளே நீட்டினார். "இருட்டுறதுக்குள்ள முடி ஆத்தா. அன்னிக்கி மாரி லேட்டாக்கிப்புடாத" என்றார். லேட்டானது யாரால் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன்.

அக்கா என் முன்னால் உட்கார்ந்து தாடையைப் பிடித்தாள். முதல் பூச்சை வைத்ததும் தலையைப் பின்னால் இழுத்து என்னைப் பார்த்தாள். "மூஞ்சிய ஆட்டாதடா, எரும" என்றாள். அந்தச் சிடுசிடுப்பைக் கேட்டு எனக்குச் சிரிப்பு பொங்கியது. மை கலைந்துவிடும் என்று தலையில் குட்டு வைத்தாள். பெட்டியைத் திறந்து தன் கலியாணச் சிவப்பையும் எடுத்துக் கொடுத்தாள்.

காமன் எழுந்தான். தப்பு பிய்த்துக்கொண்டு போயிற்று. காமன் எழுந்ததும் ரதி மஞ்சள் நீர்க் குடத்தோடு கூட்டத்துக்குள் போய் எல்லோர் மேலும் தெளிக்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். சந்தோஷத்தின் நிறம் மேலே படட்டும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு வருவார்கள். புருஷனை இழந்தவர்கள் மட்டும் ஓரமாக ஒதுங்கிவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, குடத்தைக் கண்டதும் தாங்களாகவே தள்ளிப்போய் நின்றுவிடுவார்கள்.

நான் தெளித்துக்கொண்டே மேட்டில் ஏறினேன். பெண்கள் கூச்சலிட்டு நனைந்தார்கள். கூட்டம் விலக, நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒதுங்கவில்லை. கண்ணில் பட்ட வெள்ளைச் சேலையைப் பார்த்து என் கை தானாக நின்றுவிட்டது. மற்ற நாளெல்லாம் நியாயம் பேசிய நான், குடத்தைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

"என்னடா பாக்குற?" என்றாள் அக்கா. "ஊத்து."

தெளிக்கவில்லை. குடத்தைத் தலையோடு கவிழ்த்துவிட்டேன். அவள் மூச்சுத் திணறி, முகத்தை வழித்து, என்னைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். மறுநாள் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது, மஞ்சள் ஏறிப்போன அதே வெள்ளைச் சேலையில்தான் வந்து நின்றாள்.